ஏபிடிடி நீளமாக வருகிறது, ஆனால் காலில் ரத்தக்கட்டி: ஏபிஎஸ்ஸில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

பொருநை86:

வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன், வயது 31. போன மாதம் இடது கால் கெண்டைச்சதையில் ஆரம்பித்துத் தொடை வரை வீங்கிவிட்டது, தொட்டாலே வலி. டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் தொடையின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது என்றார்கள். ஊசி போடுவதற்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் ஏபிடிடி என்கிற உறைதல் நேரப் பரிசோதனை 58 வினாடி, பக்கத்தில் கண்ட்ரோல் 30 என்று அச்சடித்திருந்தது. எனக்குத் தெரிந்தவரை ஏபிடிடி கூடினால் ரத்தம் உறையத் தாமதமாகிறது என்று அர்த்தம். தாமதமாக உறைகிற ரத்தம் எப்படித் தொடைக்குள் போய் உறைந்து அடைத்துக்கொண்டது? டியூட்டி டாக்டரிடம் கேட்டேன், "லூபஸ் ஆன்டிகோவாகுலண்ட் பாசிட்டிவ், ஏபிஎஸ் மாதிரி தெரிகிறது, பெரிய டாக்டர் சொல்வார்" என்றார். பெரிய டாக்டர் வந்து ரத்தம் உறைவதைத் தடுக்கிற வார்ஃபரின் மாத்திரை எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வார்டில் கூட்டம் அப்படி. ஏபிஎஸ் என்றால் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம், உடம்பின் ஆன்டிபாடியால் ரத்தம் உறைகிற நோய் என்பது மட்டும் தேடிப் பார்த்ததில் தெரிந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் குழந்தை வயிற்றில் இருக்கும்போது விடிஆர்எல் பரிசோதனையில் லேசாகப் பாசிட்டிவ் வந்தது. பால்வினை நோய்க்கான பரிசோதனை என்று தெரிந்ததும் புகுந்த வீட்டில் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. பிறகு அதை உறுதிப்படுத்த எடுத்த டிபிஹெச்ஏ பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தபோதும், முதலில் ஏன் அப்படி வந்தது என்று யாரும் விளக்கவில்லை. இப்போது இந்த டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டு "இதுவும் அதோடு சேர்ந்ததுதான்" என்றார். தட்டணுக்களும் 95,000தான் இருக்கின்றன. தட்டணு குறைந்தால் ரத்தம் கசியும் என்றுதானே டெங்கு காலத்தில் சொன்னார்கள்?

கிருமியை எதிர்க்க உடம்பு செய்கிற ஆன்டிபாடி எப்படி ரத்தத்தை உறைய வைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் நீளமாகவே எழுதுங்கள், படிக்கத் தயாராக இருக்கிறேன்.

சோதனைக்குழாய்:

ரத்தவியல் லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் அந்த 58 வினாடியிலிருந்து தொடங்குகிறேன். குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நீல மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, அணுக்களை அடியில் தள்ளிவிட்டு, மேலே நிற்கிற வெளிர்மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் எடுக்கிறோம். லூபஸ் ஆன்டிகோவாகுலண்ட் என்கிற அந்த வகை ஆன்டிபாடியைப் பார்ப்பதென்றால் இரண்டு முறை சுழற்றுவோம், தட்டணுக்கள் மிஞ்சினால் முடிவே மாறிவிடும். பிறகு 37 டிகிரியில் அதோடு பாஸ்போலிபிட் என்கிற கொழுப்பையும் உறைதலைத் தூண்டுகிற ஒரு பொருளையும் சேர்த்து, கடைசியில் கால்சியம் விட்டு, கட்டிப்பட எத்தனை வினாடி ஆகிறது என்று மெஷின் எண்ணுகிறது. உறைதல் காரணிகள் சும்மா மிதந்துகொண்டே ஒன்றையொன்று தூண்டிவிடுவதில்லை. எதிர்மின்னேற்றம் உள்ள அந்தக் கொழுப்புப் பரப்பில் வந்து உட்கார்ந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். உங்கள் தங்கையின் ஆன்டிபாடி முந்திக்கொண்டு அந்தப் பரப்பில் இடம் பிடித்துவிடுகிறது. காரணிகளுக்கு உட்கார இடம் போதவில்லை, வினாடி கூடுகிறது.

ஆனால் அந்தக் குழாயில் யார் யார் இல்லை என்று பாருங்கள். ரத்தக்குழாய்ச் சுவர் இல்லை, வெள்ளையணு இல்லை, தட்டணு இல்லை. உடம்புக்குள் இந்த ஆன்டிபாடி யாரையெல்லாம் தூண்டிவிட்டுக் கெடுதல் செய்கிறதோ அவர்களை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டுத்தான் நாங்கள் பரிசோதனை செய்கிறோம். அதனால் எங்கள் ரிப்போர்ட் "இந்த ஆன்டிபாடி இருக்கிறது" என்பதற்குச் சாட்சியே தவிர, "இவருக்கு ரத்தம் உறையாது" என்பதற்குச் சாட்சி இல்லை.

58 வந்ததும் அப்படியே முடிவு கட்டமாட்டோம். நோயாளியின் பிளாஸ்மாவையும் நல்ல பிளாஸ்மாவையும் பாதிக்குப் பாதி கலந்து மறுபடி ஓட்டுவோம். ஏதாவது காரணி குறைவாக இருந்ததுதான் பிரச்சினை என்றால் நல்ல பிளாஸ்மா அதை ஈடுகட்டி நேரம் சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் உள்ளே ஏதோ ஒன்று தடுக்கிறது. அப்புறம் டிஆர்விவிடி. இதில் கண்ணாடி விரியனின் விஷத்தை மிகவும் நீர்த்துப்போகச் செய்து பயன்படுத்துகிறோம். அந்த விஷம் மேலே இருக்கிற படிகளை எல்லாம் தாண்டிப் பத்தாவது காரணியை நேராகத் தூண்டும். நம் ஊரில் விரியன் கடித்து வருபவர்களுக்கு, இதே விஷம் உடம்பில் இருக்கிற காரணிகளைத் தூண்டித் தூண்டியே தீர்த்துவிடுவதால்தான், கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்தும் ரத்தம் உறையாமல் நிற்கும். பரிசோதனையில் கொஞ்சம் பாஸ்போலிபிட்டோடு ஒரு முறை, ஏராளமான பாஸ்போலிபிட்டோடு இன்னொரு முறை ஓட்டுகிறோம். கொஞ்சமாக இருக்கும்போது நேரம் நீண்டு, ஏராளமாக ஊற்றியதும் சுருங்கிவிட்டால், தடுப்பது பாஸ்போலிபிட்டைப் பிடிக்கிற ஆன்டிபாடிதான் என்று உறுதி.

விடிஆர்எல் விஷயம் இதே கதைதான். அந்தப் பரிசோதனையில் நாங்கள் சேர்ப்பது சிபிலிஸ் என்கிற பால்வினை நோயின் கிருமியை அல்ல. கார்டியோலிபின் என்கிற பாஸ்போலிபிட்டோடு லெசித்தினும் கொலஸ்டிராலும் கலந்த கலவையை. மேரி பாங்பார்ன் 1941இல் மாட்டு இதயத்திலிருந்து பிரித்தெடுத்த கொழுப்புதான் அந்தக் கார்டியோலிபின். சிபிலிஸ் வந்தவர்களின் ரத்தம் அதோடு சேர்ந்து திரளும், உங்கள் தங்கையைப் போன்றவர்களின் ரத்தமும் திரளும். டிபிஹெச்ஏ கிருமியின் பொருளையே வைத்துப் பார்ப்பது, அதனால் அது நெகட்டிவ். உங்கள் தங்கைக்கு அந்த நோய் இல்லை, அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவரைப் பேசிய எல்லோருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு விடிஆர்எல் பாசிட்டிவ் என்று வந்தால் உறுதிப் பரிசோதனை வரும்வரை அதை வீட்டாரிடம் யாரும் சொல்லக் கூடாது என்று எங்கள் லேபில் நான் சண்டை போட்டிருக்கிறேன், இப்போதும் போடுவேன்.

நலம்நாடி:

ரத்தம் கெட்டியாக இருப்பதுதான் காரணம். தினமும் வெறும் வயிற்றில் பூண்டுச் சாறும் இஞ்சிச் சாறும் கொடுங்கள், ரத்தம் இளகிவிடும். எங்கள் அத்தைக்கு நல்ல பலன் கிடைத்தது.

ஒய்வடிவம்:

நலம்நாடி, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் வார்ஃபரின் எடுப்பவருக்கு டாக்டரைக் கேட்காமல் இப்படிச் சாறு கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவு வரலாம். சமையலில் போடுகிற பூண்டு வேறு. மேலும் இந்த நோயில் ரத்தம் கெட்டியாக இருப்பதில்லை. தப்பான இடத்தில், காயமே இல்லாத குழாய்க்குள், உறைதல் தொடங்கிவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

நான் நோயெதிர்ப்பியலில் ஆராய்ச்சி மாணவி. உள்ளே நடப்பதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆன்டிபாஸ்போலிபிட் என்ற பேரைப் பார்த்து இந்த ஆன்டிபாடி கொழுப்பை நேராகப் போய்ப் பிடிக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1990இல் ஆஸ்திரேலியா, ஜப்பான், ஐரோப்பா என்று தனித்தனியாக வேலை செய்த குழுக்கள் ஒரே சமயத்தில் வேறொன்றைக் கண்டார்கள்: ஆன்டிபாடியை நன்றாகச் சுத்தப்படுத்திக் கார்டியோலிபின் மேல் விட்டால் ஒட்டவில்லை, கொஞ்சம் பிளாஸ்மா சேர்த்தால் ஒட்டுகிறது. பிளாஸ்மாவில் இருந்த அந்தத் துணை, பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன்-1 என்கிற புரதம். கல்லீரல் தயாரிப்பது, நம் எல்லோருடைய ரத்தத்திலும் தாராளமாகச் சுற்றுவது. இந்த நோயில் ஆன்டிபாடியின் முக்கியமான இலக்கு அதுதான்.

இந்தப் புரதத்தின் வடிவம்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம். ஐந்து துண்டுகள் கோர்த்த சங்கிலி. பிளாஸ்மாவில் மிதக்கும்போது முதல் துண்டு ஐந்தாம் துண்டோடு சேர்ந்து வட்டமாக மூடிக்கொண்டிருக்கும், முதல் துண்டில் ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடம் மறைந்திருக்கும். ஐந்தாம் துண்டு எதிர்மின்னேற்றமுள்ள பரப்பு ஒன்றில் ஒட்டியதும் வட்டம் பிரிந்து கொக்கி வடிவத்தில் நிமிர்ந்து நிற்கும், மறைந்திருந்த இடம் வெளியே தெரியும். 2010இல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இந்த இரண்டு வடிவங்களையும் படமாகவே பிடித்துவிட்டார்கள். அதனால்தான் இவ்வளவு ஆன்டிபாடியும் இவ்வளவு புரதமும் ஒரே ரத்தத்தில் சுற்றியும் பெரும்பாலும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை.

நிமிர்ந்து நிற்கும் புரதம் ஒன்றைத் தனியாகப் பிடிக்கும் பலம் இந்த ஆன்டிபாடிக்குக் குறைவு. ஆனால் ஆன்டிபாடிக்கு இரண்டு கை உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புரதம் நின்றால் இரண்டு கையாலும் பிடித்துச் சேர்த்துக் கட்டிவிடும், அப்படிக் கட்டப்பட்ட ஜோடி செல்லின் மேல் பல மடங்கு உறுதியாக உட்காரும். இப்படி ஜோடி ஜோடியாக உட்கார்ந்தவை செல்லின் ஏற்பிகளை இழுத்துச் சேர்த்து உள்ளே செய்தி அனுப்புகின்றன. அபோ-இஆர்2, அனெக்சின் ஏ2, டிஎல்ஆர்4 என்று சில ஏற்பிகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. இங்கே ஆன்டிபாடி ரத்தத்தைத் தன் கையால் உறைய வைக்கவில்லை, செல்களைத் தூண்டிவிடுகிறது. உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இந்த ஒரு வரிதான்.

எந்தச் செல்கள்? முதலில் குழாயின் உள்சுவர். நல்ல நிலையில் அது பழக்கிய தோசைக்கல் மாதிரி, எதையும் ஒட்டவிடாது. நைட்ரிக் ஆக்சைடு சுரந்து தட்டணுக்களைத் தள்ளி வைக்கும், உறைதலை அணைக்கிற ஏற்பாடுகளைத் தன் மேலேயே வைத்திருக்கும். ஆன்டிபாடியின் செய்தி கிடைத்ததும் அபோ-இஆர்2 வழியாக நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தி குறைகிறது, வெள்ளையணுக்களைப் பிடித்து இழுக்கும் ஒட்டுமூலக்கூறுகள் மேலே முளைக்கின்றன, திசுக்காரணி என்கிற புரதம் வெளியே வருகிறது. வழக்கமாக அந்தத் திசுக்காரணி ரத்தத்தின் கண்ணிலேயே படாது. குழாய்க்கு வெளியே, சுவருக்குப் பின்னால் இருக்கும். வெட்டுப்பட்டால் மட்டும் ரத்தம் அதைத் தொடும், தொட்ட உடனே உறைதல் தொடங்கும். இங்கே வெட்டே இல்லாமல் அது உள்ளே வந்து நிற்கிறது. மோனோசைட் என்ற வெள்ளையணுவும் இதே தூண்டுதலில் தன் மேல் திசுக்காரணியைக் காட்டிக்கொண்டு திரியும்.

தட்டணுவும் விழித்துக்கொண்டு திராம்பாக்சேன் விடும், அது மற்றத் தட்டணுக்களையும் கூப்பிடும். நியூட்ரோஃபில் கொஞ்சம் தனிக்கதை: கிருமியைப் பிடிப்பதற்காகத் தன் டிஎன்ஏவையே வலையாக வெளியே வீசும் பழக்கம் அதற்கு உண்டு. அந்த வலை தட்டணுக்களுக்கும் உறைதல் காரணிகளுக்கும் நல்ல பிடிமானம். ஏபிஎஸ் நோயாளிகளின் ஆன்டிபாடியை ஆரோக்கியமானவர்களின் நியூட்ரோஃபில் மேல் விட்டபோது வலை வீசுவது கூடியது என்று 2015இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு காட்டியது. கிருமியை எதிர்க்க ரத்தத்தில் சுற்றுகிற காம்ப்ளிமெண்ட் புரதங்களும் சேர்ந்துகொள்கின்றன. எலிகளுக்கு நோயாளியின் ஆன்டிபாடியைச் செலுத்தி, குழாயை லேசாகக் காயப்படுத்தினால் பெரிய கட்டி வரும், சி5 என்ற காம்ப்ளிமெண்ட் இல்லாத எலிகளில் அந்த அளவுக்கு வராது.

இன்னொரு பக்கம், உறைதலை நிறுத்துகிற பிரேக்குகளும் பழுதாகின்றன: புரோட்டீன் சி சரியாக வேலை செய்வதில்லை, கட்டியைக் கரைக்கிற ஏற்பாடு மந்தமாகிறது, செல்களின் மேல் அனெக்சின் ஏ5 போட்டிருக்கும் பாதுகாப்புப் போர்வை கலைகிறது.

எல்லாவற்றையும் பீட்டா-2 தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. 2021இல் ஜெர்மனியின் மைன்ஸ் குழு, உள்சுவரிலும் சில வெள்ளையணுக்களிலும் இருக்கும் இபிசிஆர் என்கிற ஏற்பி ஏந்தி நிற்கும் ஒரு கொழுப்பையே சில ஆன்டிபாடிகள் நேராகப் பிடித்து உறைதலைத் தொடங்கி வைக்கின்றன என்று காட்டியது. 30 வருடமாகப் பலர் ஓரங்கட்டியிருந்த கொழுப்பு மறுபடி மேடைக்கு வந்ததில் எங்கள் துறையில் பெரிய விவாதம். ஒரே நோயாளியிடம் இரண்டு வகையும் இருக்கலாம் என்பது என் எண்ணம்.

தட்டணு 95,000க்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. தூண்டப்பட்ட தட்டணுக்கள் செலவாகின்றன, சிலவற்றை ஆன்டிபாடி ஒட்டியதால் மண்ணீரல் அகற்றிவிடுகிறது. எண்ணிக்கை குறைவு, ஆனால் இருப்பவை சும்மா இருப்பதில்லை. டெங்குவில் கேட்டதை இங்கே பொருத்தாதீர்கள்.

பொருநை86:

மிக்க நன்றி, இரண்டு பதிலையும் தங்கைக்கே படித்துக் காட்டினேன். விடிஆர்எல் பற்றிய பகுதியைப் படிக்கும்போது அழுதுவிட்டாள். மாப்பிள்ளைக்கும் அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம். விடிஆர்எல் அப்போதே பாசிட்டிவ் என்றால் ஆன்டிபாடி நான்கைந்து வருடமாக உடம்பில் இருந்திருக்கிறது. இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்? மாதவிலக்கு ஒழுங்கில்லை என்று சில மாதமாக ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாள், அது போக வைரஸ் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்த படுக்கை.

இரவுப்பணி:

பொது மருத்துவம் படித்துவிட்டு இப்போது வாத நோய்ப் பிரிவில் இருக்கிறேன். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டீர்கள்.

இரண்டு அடி என்று நாங்கள் சொல்வோம். ஆன்டிபாடி முதல் அடி, அது சுவரையும் அணுக்களையும் தயார் நிலையில் வைக்கிறது. ஒய்வடிவம் சொன்ன எலிச் சோதனையிலும் ஆன்டிபாடியோடு காயமும் சேர்ந்தபோதுதான் பெரிய கட்டி வந்தது என்பதைக் கவனியுங்கள். மனிதர்களில் அந்த இரண்டாம் அடி தொற்றாக இருக்கலாம், அறுவை சிகிச்சை, பிரசவம், சிகரெட், நீண்ட படுக்கை, ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். காய்ச்சலில் வீக்கம் கூடி உள்சுவர் கலங்கும்போது எதிர்மின்னேற்றமுள்ள கொழுப்புப் பரப்புகள் வெளியே தெரியும், பீட்டா-2 நிமிர இடம் கிடைக்கும். உங்கள் தங்கைக்கு மாத்திரை, காய்ச்சல், அசையாமல் படுத்தது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்ததா என்று அட்டையைப் பாருங்கள். இருந்தால் இனி அவருக்கு அது கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

எல்லா ஆன்டிபாடியும் ஒரே மாதிரி ஆபத்து இல்லை. லூபஸ் ஆன்டிகோவாகுலண்ட், கார்டியோலிபின், பீட்டா-2 மூன்றும் பாசிட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம். தொற்று வந்துபோனபின் தற்காலிகமாகத் தோன்றி மறைகிற ஆன்டிபாடிகளும் உண்டு, அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் 12 வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறோம்.

வார்ஃபரின் ஏன் என்று கேட்டால்: மாதாமாதம் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று ரிவராக்சபான் போன்ற புது மாத்திரைக்கு மாறச் சிலர் ஆசைப்படுவார்கள். இத்தாலியில் மூன்றும் பாசிட்டிவான நோயாளிகளிடம் ரிவராக்சபானையும் வார்ஃபரினையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரிவராக்சபான் பக்கம் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், முடிவு 2018இல் வெளிவந்தது. வார்ஃபரின் ஒரே சமயத்தில் 2, 7, 9, 10 என நான்கு காரணிகளைக் குறைக்கிறது, ரிவராக்சபான் பத்தாவதை மட்டும் தடுக்கிறது என்பது ஒரு விளக்கம். திசுக்காரணி வழியாக உறைதல் தொடங்குகிற நோயில் 7ஆம் காரணியும் குறைவது நல்லதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. சிரையில் கட்டி வந்தவர்களுக்கு ஐஎன்ஆர் (வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை எண்) 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். தட்டணு 95,000 என்பது இந்தச் சிகிச்சைக்குத் தடை இல்லை.

ஆன்டிபாடியையே அழித்துவிட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்ததில் கட்டி வருவதைத் தடுக்க உதவியதாகத் தெரியவில்லை, பக்கவிளைவுதான் மிச்சம். பல உறுப்புகளில் ஒரே வாரத்துக்குள் கட்டிகள் வருகிற பேராபத்து வகை ஒன்று உண்டு, நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். அதில் மட்டும் உறைதலைத் தடுக்கிற ஹெப்பரின் ஊசியோடு ஸ்டீராய்டு, பிளாஸ்மா மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். லூபஸ் என்கிற தன்னெதிர்ப்பு நோயும் இருப்பவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கட்டாயம் என்றே சொல்வேன். ஆன்டிபாடிக் கூட்டு செல்லில் ஒட்டுவதை அது குறைக்கிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

வைகைக்கரை:

நான் நோயாளி. பொருநை அண்ணா, உங்கள் தங்கைக்கு இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் காலில் கட்டி எதுவும் வரவில்லை. ஐந்தாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே அடங்கிவிட்டது, அடுத்ததும் அப்படியே. குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டோம் என்று வீட்டில் சொன்னார்கள், முதலில் பார்த்த மருத்துவமனையில் "சில பேருக்கு இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறொரு டாக்டரம்மாதான் இந்த மூன்று பரிசோதனையையும் எழுதினார். அடுத்த முறை கரு உண்டானது தெரிந்த நாளிலிருந்து ஆஸ்பிரின் 75 மில்லிகிராமும், தொப்புளைச் சுற்றித் தினமும் எனாக்ஸாபாரின் என்கிற ஹெப்பரின் வகை ஊசியும். தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, ஊசியை நேராகச் செங்குத்தாக இறக்கி, மருந்து முழுக்கப் போனபிறகுதான் மடிப்பை விட வேண்டும், போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நீலம் பாரித்துவிடும், என் வயிறு முழுக்க அப்படித்தான் இருந்தது. பெண் குழந்தை பிறந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

நஞ்சுக்கொடியில் ரத்தம் உறைந்து அடைப்பதால்தான் குழந்தை இறக்கிறது என்றார்கள். அது மட்டும்தானா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எனக்கு அனுப்பிய நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டில் கட்டி பெரிதாக எதுவும் இல்லை.

இன்னொன்று, உங்கள் தங்கை வார்ஃபரினில் இருக்கும்போது கர்ப்பம் தரித்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். அது வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும், உடனே ஊசிக்கு மாற்றுவார்கள். முடிந்தால் முன்கூட்டியே பேசித் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கீரை சாப்பிடவே கூடாது என்று பயமுறுத்துவார்கள். நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று ஆட்டம் போடாமல் அளவை ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் டாக்டர் அதற்கேற்ப மாத்திரையின் அளவைச் சரிசெய்வார்.

ஒய்வடிவம்:

வைகைக்கரை அக்கா, நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. உங்கள் ரிப்போர்ட் மாதிரியே பலருடைய நஞ்சுக்கொடியிலும் கட்டி இருப்பதில்லை. நஞ்சுக்கொடியின் செல்கள் இயல்பாகவே பீட்டா-2 புரதத்தைத் தம் மேல் வைத்திருக்கும், அதனால் இரண்டாம் அடி இல்லாமலே ஆன்டிபாடி அங்கே போய் உட்காரும். அந்தச் செல்கள் கருப்பைக்குள் வேர்விட்டுத் தாயின் குழாய்களை அகலப்படுத்துகிற வேலை கெடுகிறது, காம்ப்ளிமெண்ட் கிளம்பி அழற்சி உண்டாகிறது. 2004இல் நியூயார்க்கில் எலிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள்: ஆன்டிபாடி செலுத்திய கர்ப்ப எலிகளுக்கு ஹெப்பரின் கொடுத்தபோது கரு பிழைத்தது, உறைதலை மட்டும் தடுத்துக் காம்ப்ளிமெண்டைத் தடுக்காத வேறு மருந்துகள் கொடுத்தபோது பிழைக்கவில்லை. உங்கள் ஊசி ரத்தக்கட்டியைத் தடுத்ததோடு அந்த அழற்சியையும் அடக்கியிருக்க வேண்டும்.

பொருநை86:

அக்கா, உங்கள் மகள் நன்றாக இருக்கட்டும். தங்கை இதை இரண்டு முறை படித்தாள்.

கடைசியாக ஒன்று. 12 வாரம் கழித்துப் பரிசோதனை என்கிறார்கள், அப்போதும் அவள் வார்ஃபரினில்தான் இருப்பாள். மருந்து முடிவைக் கெடுக்காதா? அதற்காகச் சில நாள் நிறுத்த வேண்டுமா? வீட்டிலேயே விரல் நுனியில் குத்தி ஐஎன்ஆர் பார்க்கிற மெஷின் வாங்கலாமா என்றும் மாப்பிள்ளை கேட்கிறார்.

சோதனைக்குழாய்:

நீங்களாக ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். கார்டியோலிபினும் பீட்டா-2வும் எலைசா முறையில், அதாவது ஆன்டிபாடி ஒட்டுவதை வைத்துப் பார்ப்பவை, மருந்தால் மாறாது, அவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். லூபஸ் ஆன்டிகோவாகுலண்ட்தான் சிக்கல். வார்ஃபரினே உறைதல் நேரத்தை நீட்டும் என்பதால் ஐஎன்ஆர் கூடுதலாக இருக்கும்போது டிஆர்விவிடி முடிவை நம்பமுடியாது. எந்த மருந்து, கடைசியாக எப்போது எடுத்தார், அன்றைய ஐஎன்ஆர் எவ்வளவு என்று லேப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பல படிவங்களில் அந்த இடம் காலியாகவே வருகிறது, அதைப் பார்க்காமல் கொடுக்கிற ரிப்போர்ட்டால் பிரயோசனம் இல்லை. தேவைப்பட்டால் ஹெப்பரின் ஊசிக்கு மாற்றி எப்போது எடுப்பது என்று டாக்டரும் லேபும் பேசி முடிவு செய்வார்கள்.

விரல்நுனி மெஷினை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதில் இருக்கிற வினைப்பொருளிலும் பாஸ்போலிபிட் உண்டு, அதனால் இந்த ஆன்டிபாடி உள்ள சிலருக்கு ஐஎன்ஆரை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். 3.5 என்று பார்த்துவிட்டு மாத்திரையைக் குறைத்தால் உண்மையில் 2க்குக் கீழே போய்விடலாம். கையில் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில்.